முதலில் ரசீது, அப்புறம் சாவி: மாணவர் வாடகைக் கேள்விகள்

கேள்வி: காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கோட்டக்குப்பத்தில் ரூம் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். புதுச்சேரி டவுனிலிருந்து காலாப்பட்டு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். ஈ.சி.ஆர். பஸ்கள் கோட்டக்குப்பம் வழியாகத்தான் போகும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும், கோட்டக்குப்பம் அங்கேதான். காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வாடகைச் சட்டம்தான் உங்களுக்கு. கரண்ட் பில்லும் அப்படித்தான்: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதாமாதம். சப்-மீட்டர் இருந்தால் குடிபோகும் அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ரெயின்போ நகரில் கிரவுண்ட் ஃப்ளோர், வாடகை ரொம்பக் குறைவு. உடனே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஏன் குறைவு என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லையே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. சுவருக்குப் புது பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதைப் பார்க்காதீர்கள். வாசல் நிலையின் அடியைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் நின்ற வீட்டில் மரம் உப்பி, நகத்தால் கீறினாலே உதிரும். எதிர்வீட்டு அம்மாவிடம், "மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடலூரில் கெடிலம், தென்பெண்ணைக் கரையோரம் வீடு பார்ப்பவர்களுக்கும் இதேதான்.

கேள்வி: ஓனர் ராணுவத்தில் இருக்கிறாராம். கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து டோக்கன் போட்டால் சாவி கூரியரில் வரும் என்கிறார்.

வராது. போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு பேர் இரண்டு வருடம் இருந்தோம். அட்வான்ஸ் 40,000. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று 15,000 பிடித்துக்கொண்டார். அட்வான்ஸுக்கு ரசீது வாங்கவில்லை.

கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு பேர் படித்த பிள்ளைகள், ஒருவருக்குமா தோன்றவில்லை?

வீட்டுக்காரர் செய்ததும் அநியாயம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலே போட்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அவர் பக்கம் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அதனால்தான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். இரண்டு வருடம் நாலு பேர் புழங்கிய சுவர் அழுக்காகத்தான் செய்யும். அந்தப் புழக்கத்துக்குத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள்?

நான் திருப்பாதிரிப்புலியூரில் படித்த காலத்தில் காலண்டர் மாட்ட அடித்த மூன்று ஆணி ஓட்டைக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். அந்த ஓட்டைகள் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. சாமான் இறக்குவதற்கு முன் சுவர், தரை, பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியோடு நிற்கும்.

இப்போது உங்கள் விஷயம். அட்வான்ஸை ஜி-பேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி, ஸ்டேட்மென்ட் எடுங்கள். செலவுக்குப் பில் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பில் கேட்டதுமே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மசியவில்லை என்றால் அந்தச் சட்டப்படி எங்கே முறையிடலாம் என்று ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போங்கள். பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் கஷ்டம்தான், பொய் சொல்லி ஆறுதல் தர மாட்டேன்.

கேள்வி: ரூமில் கேஸ் கனெக்‌ஷன் இல்லை. அட்ரஸ் ப்ரூஃபும் ஊர் முகவரியில்தான் இருக்கிறது.

5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கூட இருந்தவன் பாதியில் போய்விட்டான். அவன் பங்கு வாடகையையும் என்னிடமே கேட்கிறார்கள்.

ஒப்பந்தம் உங்கள் பேரில் மட்டும் இருந்தால் உங்களிடம்தான் கேட்பார்கள், தம்பி. அடுத்த முறை தங்கும் எல்லார் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், போகிறவர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இப்போதைக்கு வீட்டுக்காரரிடம் கேட்டுப் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புது ஆள் தரும் அட்வான்ஸுக்கு நீங்கள் ரசீது எழுதிக் கொடுங்கள்.