கோப்பு உலாவியில் திறக்க வேண்டுமா, தரவிறங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் இணையதளத்தில் கட்டுரைகளின் பிடிஎஃப் கோப்புகள் உலாவியிலேயே திறக்க வேண்டும், விண்ணப்பப் படிவங்களோ சொடுக்கியதும் தரவிறங்க வேண்டும். அதற்காகச் சர்வரில் பிடிஎஃப் கோப்புகளின் வகையை ‘ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ (வகை குறிப்பிடாத வெறும் பைட்டுகள்) என்று மாற்றினோம். இப்போது கட்டுரைகளும் தரவிறங்குகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: அந்த மாற்றத்தை முதலில் நீக்கிவிடுங்கள். சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்பு வரிகளே ஹெடர்கள். கோப்பு இன்ன வகை என்பதை ‘கன்டென்ட்-டைப்’ ஹெடரும், அதைத் திறப்பதா சேமிப்பதா என்பதை ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ ஹெடரும் உலாவிக்குத் தெரிவிக்கின்றன. நீங்கள் இரண்டாவதைத் தொடாமல் முதலாவதில் பொய் சொல்லிவிட்டீர்கள். பல வழிகாட்டிகள் இந்தக் குறுக்கு வழியையே சொல்லித் தருகின்றன என்பது எனக்கு வருத்தம்தான். தன் வகையே தெரியாத கோப்பை உலாவியால் சேமிக்க மட்டுமே முடியும். வகை ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்றே இருக்கட்டும்.

அடுத்து, படிவங்களை மட்டும் தனிக் கோப்புறைக்கு மாற்றுங்கள். அப்பாச்சி சர்வரானால், ஹெடர்களுக்கான மாட்யூல் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கோப்புறையின் ஹெச்டிஆக்சஸ் கோப்பில் (அந்தக் கோப்புறைக்கான அமைப்புகளை எழுதும் கோப்பு), கன்டென்ட்-டிஸ்பொசிஷனுக்கு ‘அட்டாச்மென்ட்’ (சேமி) என்ற மதிப்பைத் தரும் ‘ஹெடர் செட்’ வரி ஒன்றை எழுதினால் போதும். என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு சர்வர் மென்பொருளில் ஹெச்டிஆக்சஸ் கிடையாது. அந்தக் கோப்புறைக்குரிய ‘லொகேஷன்’ பகுதியில் ‘ஆட்-ஹெடர்’ வரியாக இதையே எழுதி, சர்வரை ரீலோடு செய்ய வேண்டும். இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு: ‘லொகேஷன்’ போன்ற உள்பகுதியில் ஒரே ஒரு ‘ஆட்-ஹெடர்’ எழுதினாலும், வெளிப்பகுதியில் நீங்கள் எழுதி வைத்த பாதுகாப்பு ஹெடர்கள் எதுவும் இயல்பாக அதற்குள் வந்து சேராது என்பதால், அவற்றையும் அங்கே மறுபடி எழுதியாக வேண்டும்.

கட்டுரைகளுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரே இல்லாவிட்டால் ‘இன்லைன்’ (உலாவியிலேயே திற) என்றுதான் பொருள். ஆயினும், பிடிஎஃப் என்றாலே சேமிக்கும்படி தம் உலாவியை அமைத்துக்கொண்ட வாசகருக்கு அது தரவிறங்கவே செய்யும். அதைச் சர்வரால் மாற்ற இயலாது.

சேமிக்கும்போது கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வர வேண்டுமானால், 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட ‘ஃபைல்நேம்’ வடிவத்தைப் பயன்படுத்துங்கள். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் ‘க’ என்ற ஓர் எழுத்தே 3 பைட்டுகள். சதவீதக் குறிகளோடு எழுதும்போது அது 9 எழுத்துக்குறிகளாக நீளும் என்பதால், பெயரைச் சுருக்கமாக வைப்பது நல்லது.

மாற்றங்களை உலாவியில் சோதிக்காதீர்கள். பழைய ஹெடர் அதன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கியிருக்கக்கூடும். சர்வரிடம் நேரடியாகக் கேட்டுப் பார்க்க உதவும் ‘கர்ல்’ கட்டளையில் ஹெடர்களை மட்டும் கேட்டுப் பெற்றால், சர்வர் இப்போது அனுப்புவது என்ன என்பது அப்படியே தெரிந்துவிடும்.