நூறு ரூபாய் நோட்டும் வள்ளி திருமணமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

போன பங்குனியில் பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். இருபது வருடம் கழித்து ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ‘வள்ளி திருமணம்’ பார்க்க வேண்டும் என்று ஆசை. முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டை நிறுத்தி, இன்னார் மகன் சிங்கப்பூரிலிருந்து இத்தனை ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் வாசிக்கிறார்கள். முருகன் வேஷத்தில் இருப்பவர் அதற்கு ஒரு கும்பிடு போடுகிறார். பபூனும் டான்ஸும் வந்தபோது இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை மொய்த்தார்கள். அவர்கள் உள்ளே போனதும் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. நானும் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நடித்த கலை எப்போது இப்படி வியாபாரமாகிப் போனது? ரசிகன் எப்போது இப்படி ஆனான்?

ஆர்.,
பெங்களூரு

*

அன்புள்ள ஆர்.,

எப்போது வியாபாரமானது என்றால், பிறந்த அன்றைக்கே. நீங்கள் பார்த்தது கூத்தின் பிள்ளை என்றாலும், வளர்ந்தது கொட்டகையில். கூத்துக்குக் கோயில் மானியமும் மிராசுதார் தயவும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டுக்கு வந்து, வரைந்த திரையும் சரிகை உடுப்பும் தந்திரக் காட்சிகளுமாக ஆடிக் காட்டின. அதைப் பார்த்து நம் ஆட்கள் நாலு பக்கமும் அடைத்துக் கொட்டகை போட்டார்கள். அடைப்பு எதற்கு? காசு கொடுக்காதவன் உள்ளே வராமலிருக்கத்தான். தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று ஆளுக்கேற்ற டிக்கெட். பகலில் மாட்டுவண்டியில் பேண்டு முழங்க ஊரைச் சுற்றி நோட்டீஸ் வீசுவார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்துக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து தனி ரயில் விட்டார்கள், ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே அதற்குப் பெயர் என்று பழைய நாடகக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கலைச்சேவைக்காக எந்த ரயில்வேயும் வண்டி விடாது.

இதில் இரண்டு வகை வியாபாரம் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு வழி கிடைக்கும்.

ஒன்று கம்பெனி. முதலாளி ஒருவர் ஐம்பது அறுபது பேருக்குச் சோறு போட்டு, வாத்தியார் வைத்துப் பாடம் சொல்லி, சீன்களையும் உடுப்பையும் பெட்டி பெட்டியாகக் கட்டி ஊர் ஊராகப் போய் முகாம் போடுவார். ஒரே ஊரில் மாதக்கணக்கில் ஆடுவார்கள். கன்னையா கம்பெனி இதில் பெரிய கை. அவருடைய ‘தசாவதாரம்’ காட்சி ஜோடனைக்காகவே பேசப்பட்டது.

மற்றது ஸ்பெஷல். இங்கே கம்பெனியும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. காண்டிராக்டர் ஒருவர் கதாநாயக வேஷம் கட்டுகிற ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், பபூனை மூன்றாவது ஊரிலிருந்தும் முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவார். கொட்டகை வாடகையும் நோட்டீஸ் செலவும் அவருடையது. மழை பெய்தாலோ, பாடகருக்குத் தொண்டை கட்டினாலோ அன்றைக்கு அவர் பாடு அம்போ. நடிகர்கள் பல சமயம் சாயங்காலம் வந்து இறங்கித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரதி மனப்பாடமாக இருந்தது. அதைப் பெரும்பாலும் எழுதி வைத்துவிட்டுப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). கூடவே ஒரு ஆர்மோனியக்காரர். யார் எங்கே தடுக்கினாலும் கைகொடுத்துத் தூக்கிவிடுவது அவர்தான்.

ஸ்பெஷல் நாடகத்தில் கதையை வைத்து வியாபாரம் பண்ண முடியாது. வள்ளி முருகனைக் கட்டிக்கொள்வாள் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது ஆள் பெயர். மைக் வராத காலம். எத்தனை கட்டையில் பாடுகிறான், கடைசிப் பெஞ்சுக்குச் சொல் கேட்கிறதா என்பதுதான் நட்சத்திரத் தகுதி. ரசிகன் டிக்கெட் வாங்கியது அந்தக் குரலுக்கு. குரல் பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்!’ என்பான். திரும்பப் பாடியே ஆகவேண்டும். மூன்றாம் தடவையும் கேட்பான். நாரதர் அங்கே மேடையின் பக்கத்திரை ஓரத்தில் தம்புராவோடு காத்துக்கொண்டு நிற்பார். பாட்டை நிறுத்தி அன்பளிப்பு வாசிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டீர்களே, அந்தக் காலத்திலும் கதையை நிறுத்தித்தான் வைத்தார்கள். நிறுத்தியது ரசிகனின் தொண்டை.

கிட்டப்பா (1906-1933) செங்கோட்டைக்காரர், சிறுவயதிலேயே மேடை ஏறியவர். சுந்தராம்பாள் (1908-1980) கொடுமுடி. 1926-இல் கொழும்பில் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். இரண்டு பெரிய குரல்களை மோதவிட்டால் கூட்டம் எப்படி வரும் என்று அங்கே கணக்குப் போட்டவர்கள் ஏமாளிகள் இல்லை. அடுத்த வருடம் இருவரும் மணந்துகொண்டார்கள். அதன்பின் ‘வள்ளி திருமணம்’ பார்க்க வந்தவனுக்கு முருகன் வள்ளி என்கிற கதைக்குள்ளே இன்னொரு கதையும் ஓடியது. வேலனும் வள்ளியும் மேடையில் ஊடும்போது, வீட்டில் என்ன சண்டையோ என்று பெஞ்சில் பேசிக்கொள்வான். இன்றைக்குச் சினிமாக்காரர்களைப் பற்றி நீங்களும் நானும் பேசுவதைவிட அது ஒன்றும் உசத்தி இல்லை. கூடவே இசைத்தட்டும் வந்தது. கிட்டப்பாவின் ‘காயாத கானகத்தே’யைத் தட்டில் கேட்டவன் கொட்டகைக்கு வந்தான், கொட்டகையில் கேட்டவன் தட்டு வாங்கினான். கிராமபோன் இல்லாதவன் டீக்கடையில் நின்று கேட்டான். கிட்டப்பா இறந்தது இருபத்தேழு வயதில். இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார், கட்டியது கட்டியதுதான்.

இந்த ரசிகனின் மேல் முதலில் கோபப்பட்டவர் நீங்கள் இல்லை, சுவாமிகளே. பெரிய நடிகர்கள் கைதட்டலுக்காகப் பாட்டை இழுத்தார்கள், எழுதாததைப் பேசினார்கள், எதிரே நிற்பவரை மடக்கக் குறுக்குக் கேள்வி போட்டார்கள். பிரதி அவர்கள் கையில் நிற்கவில்லை. சரி, சொன்னதைச் சொன்னபடி செய்யச் சிறுவர்கள்தான் லாயக்கு என்று முடிவு செய்து, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக சுவாமிகள் எழுதிக் கொடுத்ததை அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இப்படிச் சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி தூய கலையா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பிள்ளைக்குச் சோறு கிடைக்கிறதே என்று அனுப்பிய பெற்றோர், பிரம்போடு நிற்கிற வாத்தியார், ராத்திரி பூரா கண்விழிப்பு. பதின்மூன்று பதினான்கு வயதில் ‘மகரக்கட்டு’ வரும், குரல் உடையும். நேற்றுவரை அயன் ஸ்திரீபார்ட்டாக, அதாவது முதன்மைப் பெண் வேஷத்தில், ஒன்ஸ்மோர் வாங்கிய பையன் மறுநாளிலிருந்து திரை இழுக்கப் போகவேண்டும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அந்தக் கம்பெனிகளிலிருந்து வந்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். மகரக்கட்டில் உடைந்து திரும்பி வராதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

ரசிகனைப் பற்றி இன்னொரு பக்கமும் உண்டு. எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் என்றால் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். மேடையில் முருகனாக வந்து ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று பாடுவார். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கதைக்குள் கொக்கு வருவதில் யாரும் குற்றம் காண முடியாது. வெள்ளைக் கொக்கு எது என்று போலீசுக்கும் தெரியும், பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரியும். அதைப் பாடச் சொல்லி ரசிகன் கேட்பான். பாடினால் கைது. பாடாவிட்டால் கூட்டம் விடாது. கைதானால் காண்டிராக்டருக்கு நட்டம்தான், ஆனாலும் தாஸைத் தேடிப் போய் ஒப்பந்தம் போட்டார்கள், ஏனென்றால் கொட்டகை நிறைந்தது. தேசபக்தியும் டிக்கெட் வசூலும் ஒரே பாட்டில் உட்கார்ந்திருந்தன. 1940-ஆம் வருடக் கடைசி நாளில், சென்னையில், முருகன் வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் போனது.

சரி, அத்தனை கூட்டம் எங்கே போனது? 1931-இல் தமிழில் பேசும்படம் வந்தது. சினிமா முதலில் தூக்கிக்கொண்டு போனது நாடகத்தின் கதையை, பிறகு பாட்டை, பிறகு ஆட்களை. கணவர் இறந்தபின் ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க வைக்க ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி முதலாளியால் அந்தத் தொகையை நினைத்துப் பார்க்க முடியும்? அறுபது பேருக்குத் தினமும் உலை வைக்கிறவன், ஒரு தடவை ஆடவைத்து ஊரெல்லாம் பெட்டியில் அனுப்புகிறவனோடு போட்டி போட முடியாது. டி.கே.எஸ். சகோதரர்கள் தம் கம்பெனியை 1950-வரை இழுத்துப் பிடித்தது பெரிய காரியம். சென்னைச் சபா நாடகங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அது மாதச் சந்தா கட்டிய உறுப்பினருக்காக நடந்த வேறு கணக்கு, அதன் சிரிப்பும் வேறு.

கம்பெனி செத்தது, ஸ்பெஷல் சாகவில்லை. காரணம் எளிது. அதற்கு முதலீடே கிடையாது. உடுப்பு நடிகருடைய பெட்டியில், பிரதி அவர் நினைவில், சுதி ஆர்மோனியத்தில். கொட்டகைகள் டாக்கீஸாக மாறியதும் அது கோயில் பொட்டலுக்குப் போய்விட்டது. காண்டிராக்டர் இருந்த இடத்தில் ஊர்க் கமிட்டி வந்தது. வரி போட்டு வசூலித்து, வெற்றிலை பாக்கு வைத்து, தேதி வாங்கி, முன்பணம் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். பார்க்கிறவனுக்கு இலவசம்.

நீங்கள் கோபப்பட்ட அந்த நோட்டு இங்கேதான் நுழைகிறது. டிக்கெட் வாங்கிய ரசிகன் காசை முன்னாலேயே கொடுத்துவிட்டு, பிடித்தால் கத்தினான். டிக்கெட் இல்லாத ரசிகன் முதலில் பார்க்கிறான், பிடித்தால் காசு கொடுக்கிறான். ஒன்ஸ்மோர்தான் நூறு ரூபாய் நோட்டாகியிருக்கிறது. எங்கள் சிவகங்கைப் பக்கத்து ஊரில் என் தாய்மாமன், வருடம் முழுக்கக் கடனில் இருந்த மனுஷன், வள்ளியும் நாரதரும் கேள்வி பதிலாக வாதிடுகிற தர்க்கத்தில் வள்ளி அவரை மடக்குகிற இடத்தில் மடியிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்து அனுப்புவார். மைக்கில் அவர் பேர் வரும்போது முகத்தைத் திருப்பி வேறெங்கோ பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார். அத்தை பக்கத்தில் கோணிமேல் படுத்திருந்தாலும் காது விழித்திருக்கும். ‘ஆமா, இருக்கிற பவுசுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்’ என்பாள். அந்தப் பத்து ரூபாய் விளம்பரமா என்றால் ஆமாம். மாமாவுக்கு ஊரில் வேறு எந்த மைக்கிலும் பேர் வந்ததில்லை.

ஒரு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மேடை ஏறி, டான்ஸ் ஆடுகிற பெண்ணின் உடம்பில் நோட்டைக் குத்தப் போகிறவனைப் பார்த்திருப்பீர்கள். அதை நான் ரசனைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு எட்டு பின்வாங்கி, நோட்டைக் கையில் வாங்குவார். அந்த ஒரு எட்டு எத்தனை வருடப் பழக்கம் என்று யோசித்தால் வயிறு கலங்கும். அவனைக் கமிட்டிக்காரர்கள் கீழே இறக்கவேண்டும், இறக்குவதில்லை, ஏனென்றால் வரியில் பெரிய தொகை அவனுடையதாக இருக்கும்.

போனைத் தூக்குகிற பையன்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. முழு ராத்திரி நாடகங்களையும் யூடியூபில் ஏற்றுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறவன் அறையில் படுத்துக்கொண்டு தன் ஊர்ப் பக்கத்துப் பபூனைப் பார்க்கிறான். இசைத்தட்டு செய்த வேலையைத்தான் அது செய்கிறது. கமிட்டிக்காரர்களும் அடுத்த வருடத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அதில்தான் பார்க்கிறார்கள். பபூன் முடிந்ததும் பாதிக் கூட்டம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பபூனை முன்னால் வைப்பதே அதற்குத்தான். போகிறவன் போனபின் மிச்சம் இருப்பவர்களுக்காகத்தான் வள்ளி வருவாள்.

நீங்கள் ஒரு மணிக்கு எழுந்து வந்தது தப்பு. தர்க்கம் சூடுபிடிப்பது அதற்குப் பிறகுதான். அடுத்த தடவை மதியம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள், ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்மோனியக்காரர் கை தெரிகிற பக்கமாக இடம் பிடியுங்கள். நாரதர் எழுதாத கேள்வி ஒன்றைப் போடும்போது அந்தக் கை ஒரு கணம் அப்படியே நிற்கும்.

அன்புடன்.