அண்ணனைத் திரும்ப அங்கொடைக்கு அனுப்பலாமா?

சகோதரி, அங்கொடை உளநல வைத்தியசாலையிலிருந்து புதுக்குடியிருப்பு வீட்டுக்கு வந்த அண்ணன் குளிசை போட மறுக்கிறார், திரும்ப அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். சிகிச்சை ஊருக்கு வரவேண்டும் என்பதே 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை. கிளினிக் கொப்பியோடு முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய், குளிசைக்குப் பதிலாக மாதாந்த ஊசி அவருக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

என் மாமாவும் குளிசையை நாக்கின்கீழ் ஒளித்துவைத்து, கிணற்றடியில் துப்பிவிடுவார். ஊசிக்கு மாறிய சில மாதங்களில், கேட்காமலே கோழிகளுக்குத் தீனி போடத் தொடங்கினார். கிளினிக் நாளில் படலையடியில் பஸ்ஸுக்கு முதலில் நிற்பவரும் அவர்தான். (அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.)

தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனைந்தால் மட்டும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நடுஇரவில் கைகால் ஓடவில்லையென்றால், தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.