நாற்பத்தைந்தில் வேலை போனால்: கேள்விகளும் பதில்களும்

ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலையை இழந்த 40 முதல் 55 வயதுக்காரர்கள் கேட்டவை இவை. பெரும்பாலானோர் ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர், கோவைப் பக்கத்தினர். பணக் கணக்கை முதலில் வைத்திருக்கிறேன். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாதவர், பதற்றத்தில் முதலில் வரும் மோசமான வேலையை ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

எச்ஆர் கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் குடுங்க, ரெண்டு மாசச் சம்பளம் தர்றோம், இல்லன்னா டெர்மினேஷன்"னு சொல்றாங்க. எழுதலாமா சார்? (சூப்பர்வைசர், 46, ஓரகடம்)

அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அன்று மாலையே, என்ன சொன்னார்கள் என்பதை நான்கு வரியில் எழுதி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ராஜினாமா என்றால் நீங்களாக விலகியதாக ஆகிவிடும். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 18 ஆண்டு வேலை பார்த்தவருக்கு இது இரண்டு மாதச் சம்பளத்தைவிட மிக அதிகம். மேற்பார்வைப் பணியில் இருப்பவர் சட்டப்படி 'தொழிலாளி' ஆகாமல் போகலாம், உண்மைதான். ஆனால் அதைத் தீர்மானிப்பது பதவியின் பெயர் அல்ல, நீங்கள் உண்மையில் செய்த வேலை. மெஷினில் நின்று வேலை செய்துகொண்டே பெயருக்கு மட்டும் சூப்பர்வைசராக இருந்தவர்கள் நிறையப் பேர். தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

பேச்சுவார்த்தையில் ராஜினாமாதான் வழி என்று ஆனால், தொகையும் தேதியும் எழுத்தில் வரட்டும். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயில் முடங்குமுன் சம்பளச் சீட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுக்காக அலைவது பெரும்பாடு.

கிராஜுவிட்டி எவ்வளவு வரும்? பேசிக், டிஏ சேர்த்து 32,000. மொத்தம் 58,000. சர்வீஸ் 17 வருஷம் 8 மாசம்.

கடைசி மாதச் சம்பளம் (பேசிக், டிஏ மட்டும்) × 15 × ஆண்டுகள் ÷ 26. கடைசி ஆண்டில் ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும். எனவே உங்களுக்கு 18. கணக்கு: 32,000 × 15 × 18 ÷ 26 = 3,32,308 ரூபாய். யாராவது 30-ஆல் வகுத்துக் கொடுத்தால் 44,000 ரூபாய்க்கு மேல் குறையும். வகுத்தது எந்த எண்ணால் என்று பாருங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகிவிடும். உங்கள் அலவன்ஸ் 26,000, பாதிக்கும் கீழே. அதனால் மாற்றம் இல்லை. பேசிக்கை 15,000-இலேயே நிறுத்திவைத்த கம்பெனிகளில் இருந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

பணம் 30 நாளில் வர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. வராவிட்டால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். மேனேஜர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு.

பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா?

வட்டி அதிகமான கிரெடிட் கார்டு கடன் என்றால், அந்த அளவுக்கு மட்டும் யோசிக்கலாம். வீட்டுக் கடனுக்காக எடுக்க வேண்டாம். பங்களிப்பு நின்றாலும் 58 வயது வரை கணக்கில் வட்டி ஏறும். அடுத்த வேலை கிடைத்ததும் அதே யுஏஎன்-னில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) தொடரும்.

பலர் கோட்டைவிடுவது பென்ஷன் பகுதியில்தான். பத்தாண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம்; ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓராண்டாகக் கணக்கிடப்படுவதால், ஒன்பதரை ஆண்டே போதும். எட்டு ஆண்டில் நிற்பவர் 10சி படிவத்தில் பணமாக வாங்கினால் அந்த எட்டு ஆண்டும் அழிந்துவிடும். அதே படிவத்தில் 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேட்டால் சேவை காப்பாற்றப்படும். 50 வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். 58-க்கு முன் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுள் முழுக்க நீடிக்கும்.

இன்னொன்று: பழைய கம்பெனி 'வெளியேறிய தேதி' பதியாவிட்டால் கிளெய்ம் நகராது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, நீங்களே பிஎஃப் உறுப்பினர் தளத்தில் 'மார்க் எக்ஸிட்' மூலம் பதியலாம்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது.

உங்கள் பட்டியலில் மிக அவசரமானது இதுதான். குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக் கேளுங்கள். அதற்கு 'மைக்ரேஷன்' என்று பெயர். குழுவில் இருந்த ஆண்டுகள், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். இடையில் விட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் சர்க்கரைக்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க நேரிடலாம். சர்க்கரையை மறைத்து வாங்கவே வாங்காதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவின்போது கிளெய்ம் நிராகரிக்கப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை.

வீட்டுக் கடன் இஎம்ஐ?

தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய், காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். தவறிய பின் கேட்டால் சிபில் மதிப்பெண் விழுந்திருக்கும். 90 நாள் தாண்டினால் வாராக் கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் நூறு இடத்துக்கு அப்ளை செய்தேன். ஒரு போன்கூட இல்லை. வயசுதான் காரணமா? (பிரஸ் ஷாப், 48, ஸ்ரீபெரும்புதூர்)

வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயில் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், 1998-இல் முடித்த டிப்ளமோ. உங்கள் வேலை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆள் தேடுபவர் அங்கே வருவதே இல்லை.

இரண்டே பக்கம். கடைசி 10, 12 ஆண்டு மட்டும் விரிவாக. அதற்கு முந்தையது கம்பெனி பெயரும் பதவியும் ஒரே வரியில். பிறந்த தேதி, புகைப்படம், 'டிக்ளரேஷன்' எதுவும் வேண்டாம். கட்டம் போட்ட டேபிள்களை எடுத்துவிடுங்கள், தளங்களின் மென்பொருள் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை.

உங்கள் வரி இப்படி இருக்கிறது: "உற்பத்திப் பிரிவைக் கவனித்துக்கொண்டேன், தரத்தை மேம்படுத்தினேன்." இதை எவரும் எழுதலாம். இப்படி மாற்றுங்கள்: "4 பிரஸ் லைன், ஷிப்டுக்கு 60 பேர். டை மாற்றும் நேரம் 55 நிமிடத்திலிருந்து 22 நிமிடம். வாடிக்கையாளர் ரிஜெக்‌ஷன் 1,400 பிபிஎம்மிலிருந்து 310." (டை என்பது பிரஸ்ஸில் மாட்டும் அச்சு; பிபிஎம் என்பது பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கு.) எண்கள் உங்களுடையவையாக, நேர்காணலில் விளக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். டன்னேஜ், டை வகை, ரோபோ, இஆர்பி (நிர்வாக மென்பொருள்) பெயர்களைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். 'பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்' என்று தேடுபவருக்கு 'அசிஸ்டென்ட் மேனேஜர் – ஆபரேஷன்ஸ்' கண்ணில் படாது.

'உடனே சேரலாம்' என்பதை மேலேயே போடுங்கள். மற்றவர்களுக்கு 60, 90 நாள் நோட்டீஸ் இருக்கும்போது, உங்களிடம் உள்ள பெரிய பலம் அது. ஆனால் இடைவெளியை மறைக்க வேலைத் தேதிகளை நீட்டி எழுதாதீர்கள். யுஏஎன் வரலாற்றில் மாதம் வரை தெரியும். சரிபார்ப்பில் மாட்டினால் கையில் வந்த ஆஃபரும் போய்விடும்.

தளங்களை விட்டால் வேறு எங்கே தேடுவது?

உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களிடம். இந்த வயதில் நல்ல இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கின்றன. சப்ளையர்கள், வாடிக்கையாளர் பக்கத்துத் தரப் பொறியாளர்கள், மெஷின் சர்வீஸ் செய்ய வந்தவர்கள், உங்களிடம் டிரெய்னியாக இருந்து இன்று மேனேஜரானவர்கள் என்று 40 பெயர் எழுதுங்கள். சொந்தக்காரர்களைவிட இவர்கள்தான் உதவுவார்கள். சர்வீஸ் பொறியாளர் மாதம் பத்து ஆலைக்குப் போகிறவர். எங்கே ஆள் இல்லாமல் திணறுகிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பாதீர்கள். கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. இப்படி அனுப்புங்கள்: "வணக்கம் சார். லைன் மூடியதால் போன மாதம் வெளியே வந்துவிட்டேன். பிரஸ் ஷாப், டை மெயின்டனன்ஸ் பக்கம், ஓரகடத்திலிருந்து ராணிப்பேட்டை வரை பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்து அந்தப் பக்கம் யாரிடம் பேசலாம்?" வேலை கேட்பதைவிடப் பெயர் கேட்பது சுலபம், பதிலும் வரும். நாளுக்கு மூன்று பேர் போதும்.

100 முதல் 300 பேர் வேலை செய்யும் இரண்டாம் நிலை சப்ளையர்களைத் தவறவிடாதீர்கள். பெரிய கம்பெனியின் முறைகள் தெரிந்த ஆளுக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. உரிமையாளரே நேரில் பேசுவார், வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. மாநில அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்தளத்திலும் பதிந்து வையுங்கள். அரசின் வேலையில்லா உதவித்தொகையை நம்ப வேண்டாம், பொதுப் பிரிவினருக்கு அது 40 வயதோடு சரி.

"ஏன் வெளியே வந்தீங்க", "சின்னப் பையனுக்குக் கீழ வேலை செய்வீங்களா" – இதற்கெல்லாம் என்ன சொல்வது?

முதல் கேள்விக்கு இரண்டு வாக்கியம்: "இரண்டாவது லைனை மூடினார்கள், அந்தப் பிரிவு முழுவதும் போனது. அந்த லைனில் நான் செய்தது இது." அதோடு நிறுத்திவிட்டு வேலைக்குத் தாவுங்கள். பழைய கம்பெனியைத் திட்டத் தொடங்கினால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

இரண்டாவதற்கு "எனக்குப் பிரச்சினை இல்லை" என்பதை யாரும் நம்புவதில்லை. "ஷிப்ட் முடிவில் என்ன ரிப்போர்ட் வேண்டும், எந்த முடிவை உங்களிடம் கேட்க வேண்டும், எதை நானே எடுக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

சம்பளம் பேசும்போது சிடிசியை (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) நம்பாதீர்கள். கம்பெனியின் பிஎஃப் பங்கு, பேசிக்கில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், 'வேரியபிள்' எல்லாம் அதற்குள்தான். கைக்கு வரும் மாதத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். 15, 20 சதவீதம் குறைத்துப் போக நேர்ந்தால் பதவியிலும் வேலையின் அளவிலும் குறையாமல் பாருங்கள். அடுத்த தாவலுக்கு அதுதான் துணை.

பணம் கட்டிக் கோர்ஸ் படிக்கலாமா?

ஒரு விளம்பரத்திலாவது பெயர் குறிப்பிட்டுக் கேட்கப்படும் சான்றிதழ் என்றால் மட்டும். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பக்கம் நல்ல வழி. பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்ற வரம்பு முன்பு 1000 தொழிலாளர். புதிய சட்டத்தில் 500, அபாயகரமான ஆலைக்கு 250. டிப்ளமோவோ பட்டமோ உற்பத்தி அனுபவத்தோடு வைத்திருப்பவர்கள், அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ பார்க்கலாம். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அதை நடத்துகிறது. பத்து நாளில் தரும் 'சேஃப்டி' சான்றிதழ்கள் அந்தப் பதவிக்குத் தகுதி ஆகாது.

ஏஜென்ட் ஒருவர் துபாய்க்கு 1.5 லட்சம் கேட்கிறார்.

வேண்டாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதியலாம். டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து, கம்போடியா 'டேட்டா என்ட்ரி' என்று வந்தால் ஓடிவிடுங்கள். அப்படிப் போனவர்கள் சைபர் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் ஓராண்டு என்கிறார்கள். போகலாமா?

மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர்? பிஎஃப் என் பழைய யுஏஎன்-னில்தானே? மருத்துவக் காப்பீடு யார் தருவது? கம்பெனியே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தால், புதிய சட்டப்படி ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. லேபர் கான்ட்ராக்டர் வழியாக என்றால், மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு சேருங்கள். சேர்ந்த பின்னும் அந்த 40 பேர் பட்டியலைக் கைவிடாதீர்கள். எட்டாவது மாதத்திலேயே மறுபடி பேசத் தொடங்குங்கள்.