அழுவதற்கும் ஒரு நேரம் குறித்துக்கொள்ளலாம்: பாட்டும் மனசும், சில கேள்விகள்

முப்பது வருஷமாக மயிலாப்பூரில் வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறேன். துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பாடுகிற வேலையும் பத்து வருஷமாகச் சேர்ந்துகொண்டது. அதற்குப் பயிற்சியும் எடுத்தேன். ஆனால் நான் மருத்துவர் இல்லை. போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடிக்கு வந்தவர்கள் கேட்டவையும், நான் சொன்ன பதில்களும் இவை.

பெரம்பூரிலிருந்து வந்த பெண்: அப்பா போய் எட்டு மாசம் ஆகிறது டீச்சர். காரியம் முடிகிறவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போன வாரம் டீக்கடை ரேடியோவில், அவர் ஷேவ் செய்யும்போது முணுமுணுக்கும் பழைய பாட்டு வந்தது. பஸ் ஸ்டாப்பிலேயே உடைந்து அழுதுவிட்டேன். இனி அந்தப் பாட்டைத் தவிர்க்கவா, கேட்கவா?

கேளுங்கள். ஆனால் நேரத்தை நீங்கள் குறியுங்கள். டீக்கடையில் பாட்டு உங்களைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நீங்கள் அதைப் பிடியுங்கள். எட்டு மாசம் வீட்டைத் தாங்கியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள், அழ நேரம் எங்கே கிடைத்திருக்கும்? பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அது நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். துக்கத்துக்கு அந்த மாதிரி முடிவு கிடையாது. அதனால் பாட்டின் அளவுக்கு மட்டும் துக்கத்தைத் திறந்து மூடலாம்.

ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். இயர்போன் வேண்டாம், அறையில் ஒலிக்கட்டும். இரண்டு தடவை கேட்டதும் ஒரு நோட்டை எடுத்துக் கால் மணி நேரம் எழுதுங்கள். பிழையைப் பார்க்காதீர்கள், யாரிடமும் காட்டவும் வேண்டாம். 1980களில் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினமும் கால் மணி நேரம், மனசை அறுத்த விஷயங்களைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்தது. உங்களுக்கும் முதல் நாள் மோசமாக இருக்கலாம், பயப்படாதீர்கள். எழுதியதும் முகம் கழுவிக்கொண்டு அடுப்பில் டீ போடுங்கள். அதை விட்டுவிடாதீர்கள், அதுதான் கதவைச் சாத்துகிற வேலை.

வேளச்சேரி, மென்பொருள் வேலையில் இருப்பவர்: காதல் முறிந்து நாலு மாசம். தினமும் ராத்திரி ஒரே சோகப் பாட்டை ரிப்பீட்டில் போட்டு ரெண்டு மணி வரைக்கும் கேட்கிறேன். ஆறுமா?

ஆறாது தம்பி, புண்ணைச் சொறிகிற கதை இது.

சோகப் பாட்டின் மேல் குற்றமில்லை. 2014இல் 772 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், சோக இசை அதிகமாகக் கிளப்பிய உணர்வு சோகம் அல்ல, பழைய நினைவின் ஏக்கம்தான் என்று தெரிந்தது. சிக்கல் ரிப்பீட் பட்டனில் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் மூச்சு லேசாகிறதா, அல்லது ‘அன்றைக்கு நான் மட்டும் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்’ என்று மறுபடி கணக்குப் போடுகிறீர்களா? கணக்குப் போட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஒரே பாட்டுக்குப் பதில் ஐந்து பாட்டை வரிசையாக வையுங்கள். முதல் பாட்டு உங்கள் இப்போதைய மனசு மாதிரியே இருக்கட்டும், ஐந்தாவது காலை வேலைக்குப் போகும்போது கேட்கிற மாதிரி. நடுவில் இருக்கும் மூன்றும் படிக்கட்டு. 1940களிலேயே ஆல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் இப்படிச் செய்தார்: நோயாளியின் மனநிலைக்குப் பொருந்துகிற இசையில் தொடங்கி, மெல்ல நகர்த்துவது. எடுத்த எடுப்பில் குத்துப் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும்.

தி.நகர் பெரியவர்: எந்த ராகம் எந்த நோய்க்கு என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்.

என்னிடம் பட்டியல் இல்லை ஐயா, வாட்ஸப்பில் வருவதையும் நம்பாதீர்கள். முகாரி என்றால் அழுகை என்கிறோம். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய ‘எந்தனினே’ முகாரிதான். ராகம் ஒரு சாயலைத் தரும், மாத்திரையின் வேலையைச் செய்யாது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வியாசர்பாடி இளைஞர்: எங்க ஏரியாவில் சாவு வீட்டில் ராத்திரி கானா பாடுவோம். கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். அது மரியாதைக் குறைவா அக்கா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஒரு காலத்தில் நானும் அந்தக் கேலிக்காரர்கள் கட்சி. சுருதி சேராத எதையும் பாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் என் பெரியம்மா இறந்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். பெரியம்மா வளர்த்த ஆடு, மழையில் விழுந்த சுவர், கட்டாமல் பெட்டியில் வைத்திருந்த பச்சைப் புடவை எல்லாம் பாட்டில் வந்தன. சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொரு அடிக்கும் சேர்ந்து அழுதார்கள். இத்தனை கீர்த்தனை தெரிந்த எனக்கு, அன்றைக்கு எடுத்துப் பாட ஒன்றுமே இல்லை.

உங்கள் கானாவும் அதே வேலையைச் செய்கிறது. செத்தவர் பெயரும் பட்டப்பெயரும் பார்த்த வேலையும் அடித்த லூட்டியும் பாட்டில் வருகின்றன. ‘எல்லோரும் ஒரு நாள் போகிறவர்கள்தான்’ என்ற பொதுச் சமாதானம் யாரையும் அழவைக்காது, அந்தப் பச்சைப் புடவை அழவைக்கும். ராத்திரி அந்த வீட்டை யாரும் தனியாக விடுவதும் இல்லை. அழவும் சிரிக்கவும் ஒரே இடத்தில் அனுமதி கிடைக்கிறது. நான் பயிற்சியில் காசு கொடுத்துக் கற்றதில் பாதி, உங்கள் தெருவில் பந்தலுக்குக் கீழே இருக்கிறது. கேலி செய்கிறவர்களை ஒரு ராத்திரி கூட்டிப் போங்கள்.

தாம்பரத்திலிருந்து வந்தவர்: அம்மாவுக்கு 78 வயது, மறதி நோய். என்ன பாட்டு போடலாம்?

பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வரை கேட்டவைதான் ஆழமாகத் தங்கும். அம்மாவுக்கு அது 1950களின் பின்பாதியிலிருந்து 70கள் வரை. இலங்கை வானொலியில் என்ன கேட்டார் என்று சித்தி, மாமா யாரையாவது விசாரியுங்கள். பக்திப் பாட்டுதான் பிடிக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு, குளிக்க வைக்கும் முன் சன்னமாகப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுங்கள். முகம் சுருங்கினால் உடனே நிறுத்துங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எந்தப் பாட்டும் உறைக்கவில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.

இதற்குப் பாட்டு போதாது, அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416க்குப் போன் செய்யலாம், அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். 104ம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை, என் குடும்பத்தில் போயிருக்கிறார்கள். அன்றைக்கு மாடியை விட்டு இறங்கும்போது இவரோடு நானும் இறங்கினேன்.

ஆலந்தூர்: எனக்குக் குரலே கிடையாது டீச்சர். கேட்டால் மட்டும் போதுமா?

முணுமுணுங்கள். வாயை மூடி ‘ம்ம்’ என்று இழுத்தாலே மூச்சு நீளும், நெஞ்சு இறங்கும். குளியலறையில் ஆரம்பியுங்கள், அந்த எதிரொலியில் என் குரலே கொஞ்சம் நன்றாக இருக்கும்.