ட்ரோபோனின் சீட்டில் மணி எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ட்ரோபோனின் பற்றியவை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியவர்களில் ஒருவர்கூட, வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று எழுதவில்லை. அந்த இரண்டும் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்து நான் என்ன சொல்வது?

மஞ்சள் குடோனில் மூட்டை தூக்குகிறேனுங்க. தோள் வலிக்குப் பார்த்ததில் சிகே 1,400, சிகே-எம்பி 32. ஹார்ட் அட்டாக்குங்களா? (பெருந்துறை)

சிகே என்பது தசையில் இருக்கும் நொதி. நாள் முழுக்க மூட்டை சுமக்கிற உடம்பில் அது ஏறத்தான் செய்யும். சிகே-எம்பி அதில் இதயத் தசையில் அதிகம் இருக்கும் வகை; ஆனால் கைகால் தசையிலும் கொஞ்சம் உண்டு. 1,400-க்கு 32 என்றால் இரண்டு சதவீதம் சொச்சம். இதயத்திலிருந்து வந்திருந்தால் பங்கு பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனாலும் தோள் வலி என்பதால் ஈசிஜியும் ட்ரோபோனினும் பார்க்காமல் விடாதீர்கள். எந்தத் தோள் என்று எழுதியிருக்கலாம்.

அப்பாவுக்கு 62 வயது. நெஞ்சு இறுக்கம் என்றார். உடனே பக்கத்து லேபில் ட்ரோபோனின் எடுத்தோம், நெகட்டிவ். வாய்வுதான் என்று சோடா குடித்துப் படுத்துவிட்டார். லேசாக இறுக்கம் இன்னும் இருக்கிறதாம். பயமில்லைதானுங்களே? (பல்லடம்)

முதலில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

"உடனே" எடுத்தோம் என்கிறீர்கள். அதுதான் தவறு. தசை செத்தவுடன் ட்ரோபோனின் ரத்தத்தில் கொட்டிவிடாது. சாதாரண கிட்டில் தெரிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். உச்சம் தொட அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். இப்போதைய ஹை-சென்சிடிவ் முறை முன்னதாகவே பிடிக்கும். அதிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் விட்டு இரண்டாவது ரத்தம் எடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். கோடு விழுகிற கார்டில் ஒரே தடவை பார்த்து நெகட்டிவ் என்று வீட்டுக்குப் போவது, விதைத்த அன்றே முளைக்கவில்லை என்று காட்டை உழுவது போல.

நான் ராத்திரி டியூட்டி பார்த்த காலத்தில், தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவரை மகன் வண்டியில் வைத்து நேராக லேபுக்கே கூட்டி வந்தார். காலில் சேறு காயவில்லை. துண்டைச் சுருட்டி நெஞ்சில் அழுத்திக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் ட்யூப் நார்மல். நாங்கள் பிடிவாதமாக ஐசியூவுக்கு அனுப்பினோம். மூன்று மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது ட்யூபில் எண் முப்பது மடங்கு. அந்த முதல் சீட்டோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நெஞ்சு வலிக்கு முதலில் வேண்டியது லேப் இல்லை, ஈசிஜி. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அதில் எஸ்டி ஏற்றம் (இதய ரத்தக் குழாய் அடைத்திருப்பதைக் காட்டும் கோட்டு மாற்றம்) தெரிந்தால் ட்ரோபோனினுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் வந்த தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். வாய்வா இல்லையா என்று முடிவு செய்வது சோடாக் கடையிலும் இல்லை, என் லேபிலும் இல்லை.

டயாலிசிஸில் இருக்கும் அம்மாவுக்கு ட்ரோபோனின் டி எப்போதும் 50-ஐ ஒட்டியே இருக்கிறது. நார்மல் 14 என்கிறார்களே? (கோபி)

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்படி நிலையாக உயர்ந்தே இருப்பது சகஜம். அட்டாக் இல்லை என்றாலும், இதயம் சிரமப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். இதய மருத்துவர் பார்வையில் இருக்கட்டும். வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். சில மணி நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அவசரம். பழைய ரிப்போர்ட்டுகளை ஃபைலில் வையுங்கள், மணியோடு.

ஒரு லேபில் 0.02, இன்னொன்றில் 20. எது சரி? (அவிநாசி)

இரண்டும் ஒன்றுதான். முதலாவது மில்லிக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் படியுங்கள். ட்ரோபோனின் ஐ-யும் ட்ரோபோனின் டி-யும் வேறு வேறு, அவற்றை ஒப்பிடாதீர்கள்.

என்டி-ப்ரோபிஎன்பியும் ட்ரோபோனினும் ஒன்றா? (நாமக்கல்)

இல்லை. என்டி-ப்ரோபிஎன்பி இதயத்தின் பளுவைச் சொல்லும், ட்ரோபோனின் தசைச் சேதத்தை.

வலி வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. இப்போது எடுத்தால் தெரியுமா? முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். (பொள்ளாச்சி)

சிகே-எம்பி இரண்டு மூன்று நாளில் இறங்கியிருக்கும். ட்ரோபோனின் ஒரு வாரம், பத்து நாள் வரை நிற்கும்; அதனால் தெரிய வாய்ப்புண்டு. பயோட்டினைச் சொன்னது நல்லது. அதிக டோஸில் எடுத்தால் சில இயந்திரங்களில் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். எக்கோவும் ஈசிஜியும் சேர்த்து எடுங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே போங்கள்.