கோப்பைத் தேடாதீர்கள், கட்டளையை நீக்குங்கள்

கேள்வி: என் மேசைக் கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. இரவில் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவேன். காலையில் ஆன் செய்தால் கருப்புத் திரையில் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று நிற்கிறது. தேதியும் 2009க்குப் போய்விடுகிறது. டெஸ்க்டாப் வந்ததும் ‘ரன்டிஎல்எல்’ என்ற தலைப்பில் ஒரு பெட்டி வந்து, ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பைக் காணோம் என்கிறது. அந்தக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிப் போடச் சொல்கிறார் ஒருவர், ஃபார்மட் செய்யச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சிறு கோளாறுகள் இவை.

முதல் செய்தி விண்டோஸ் தொடங்கும் முன்பே வருகிறது. கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஓர் இரவு ஷட் டவுன் மட்டும் செய்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைக்காமல் விடுங்கள். மறுநாள் எஃப்1 கேட்காவிட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைப் பொருத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தவறாக இருந்தால் இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். பிரவுசர் எதைத் திறந்தாலும் எச்சரிக்கும். அந்தத் தொல்லையும் இதோடு போய்விடும்.

இரண்டாவதுதான் பலரையும் பயமுறுத்துகிறது. ரன்டிஎல்எல் விண்டோஸின் சொந்த நிரல். டிஎல்எல் என்பது மென்பொருள்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு; அதற்குள் இருக்கும் வேலையை இயக்கிவைப்பது ரன்டிஎல்எல்லின் பணி. நீங்கள் எப்போதோ ஒரு மென்பொருளை நீக்கியிருக்கலாம், அல்லது ஆன்டிவைரஸ் ஒரு வைரஸை அழித்திருக்கலாம். கோப்பு போய்விட்டது, ‘தொடங்கும்போது இதை இயக்கு’ என்ற கட்டளை மட்டும் தங்கிவிட்டது. விண்டோஸ் தினமும் அதைப் படித்து, கோப்பைத் தேடி, காணோம் என்கிறது. அழிந்தது வைரஸின் கோப்பாக இருந்தால், அதை இறக்கிப் போடுவது திருடனைத் திரும்பக் கூப்பிடுவதுதான்.

பெட்டியில் உள்ள கோப்பின் பெயரை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, ‘எம்எஸ்கான்ஃபிக்’ (msconfig) என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கமாண்ட் என்ற நெடுவரிசையில் அந்தப் பெயர் உள்ள வரியைத் தேடி, டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மற்ற வரிகளைத் தொட வேண்டாம். அங்கே இல்லாவிட்டால், நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பாருங்கள். சில விளம்பர நிரல்கள் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. என் அக்காவின் கணினியில் இதே பெட்டி வந்தபோது, பழுது பார்த்தவர் எதையும் கேட்காமல் ஃபார்மட் செய்துவிட்டார். அக்கா மகளின் முதல் இரண்டு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறு பிரதி இல்லை. ஒரே ஒரு டிக்கை எடுத்திருந்தால் போதும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவே, கணினியில் கை வைக்கும் முன் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். இத்தனைக்குப் பிறகும் பெட்டி வந்தால் கோப்பின் பெயரோடு எழுதுங்கள், பார்க்கலாம்.